செல்லம் விரலை உயர்த்தும் வரை

நீலாவதி ஆசிரியை ஒலிநாடாக்களில் பதிவு செய்து வைத்தவற்றைவிட அழித்தவையே அதிகம். அவரை அறியாதவர்களுக்கு இது குறை கூறுவதுபோல் தோன்றலாம். ஒரே பள்ளியில், ஒரு பலகைத் தடுப்புக்கு இப்புறமும் அப்புறமுமாக அவருடன் நெடுங்காலம் பணியாற்றியவன் நான். அவருடைய திறமையின் பெரும்பகுதி அந்த அழித்தலில்தான் இருந்தது என்று உறுதியாகக் கூறுவேன்.

அவர் கேமரன் மலையிலேயே பிறந்தவர். தந்தையார் தேயிலை ஆலையில் கொழுந்தை வாட்டும் மாடியில் வேலை பார்த்தார். தாயார் கொழுந்து பறித்தார். தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்பை முடித்தபின், தானா ராத்தா இடைநிலைப்பள்ளிக்குக் கொழுந்து லோரியில் ஓட்டுநர் பக்கத்தில் அமர்ந்து சென்று படித்தார். ஆசிரியர் பயிற்சி பெற்று 1973ஆம் ஆண்டு எங்கள் தோட்டத்தின் மேல் டிவிஷன் பள்ளிக்கு வந்து சேர்ந்தார். குளிருக்கும் மழைக்கும் அஞ்சி, அந்தப் பள்ளியிலிருந்து மாற்றல் கேட்டவர்கள் பலர் உண்டு. அந்தப் பள்ளிதான் வேண்டும் என்று கேட்டு வந்தவர், நான் அறிந்த வரையில், அவர் ஒருவர்தாம்.

பள்ளியில் இரண்டு அறைகள், இரண்டு ஆசிரியர்கள், ஆறு வகுப்புகள். தலைமையாசிரியனாகிய என் அறையில் நான்கு, ஐந்து, ஆறாம் வகுப்புகள் இருந்தன. நீலாவதியின் அறையில் ஒன்று, இரண்டு, மூன்று. பெரிய பிள்ளைகளிடம் ஒரு பாடத்தைக் கொடுத்துவிட்டு நான் வேறொரு வகுப்பைக் கவனிக்க இயலும். அவருக்கு அது இயலாது. முதல் வகுப்புப் பிள்ளைக்குக் கையைப் பிடித்து எழுத்துச் சொல்லித் தர வேண்டும். அவ்வேளையில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கரும்பலகையிலுள்ள கணக்கைப் பார்த்து எழுதிவிட்டு, மீதி நேரத்தை ஒருவர் சடையை ஒருவர் இழுப்பதில் கழித்தனர்.

கல்வி இலாகாவினர் கொடுத்த வானொலிப்பெட்டி ஒன்று இருந்தது. பள்ளி ஒலிபரப்பைக் கேட்பதற்காக வந்த அதனால், எதிரேயிருந்த மலையைத் தாண்டி எதையும் பிடிக்க முடியவில்லை. காலை முழுவதும் தகரக் கூரையில் மழை பெய்வதுபோன்ற இரைச்சலே அதிலிருந்து வந்தது. பிள்ளைகள் அதற்கு ‘மழைப்பெட்டி’ என்று பெயர் சூட்டினர். நீலாவதி அதை அலமாரியின் மேல் ஏற்றி வைத்துவிட்டுப் பிரிஞ்சாங் கடைத்தெருவுக்குப் போனார். உடன் சென்றிருந்த எனக்கு, மைதீன் கடையில் நடந்த பேச்சு இன்றும் நினைவிலிருக்கிறது.

மைதீன் கைவிளக்கு, மின்கலம், வானொலி முதலியவற்றை விற்பவர். ஒலிப்பதிவுக் கருவி ஒன்றை எடுத்துத் துடைத்து, “என்னா டீச்சர், பாட்டு கேக்கவா? புதுப் படக் கேசட்டு வந்திருக்கு லா” என்றார்.

“பாட்டு வேணாம் பாய். நான் பேசினா இது திரும்பப் பேசணும். அவ்வளவுதான்.”

“நாள் பூரா கிளாஸ்ல பேசுறது பத்தலையா?”

“பத்தலை பாய். மூணு வகுப்பு இருக்கு, வாய் ஒண்ணுதானே இருக்கு.”

மைதீன் சிரித்துவிட்டு, விற்காமல் கிடந்த பழைய பாட்டுக் கேசட்டுகளை ஒரு பையில் போட்டு இலவசமாகவே கொடுத்தார். அவற்றின் விளிம்பிலுள்ள துளையைக் காகிதம் ஒட்டி அடைத்தால், பாட்டின் மேல் பாடத்தைப் பதியலாம் என்பதையும் அவரே காட்டித் தந்தார்.

‘ஒலிப்பதிவுக் கருவி’ என்று பிள்ளைகளுக்கு நான் எத்தனையோ முறை கூறிப் பார்த்தேன். அவர்கள் ‘டேப்பு’ என்றே அழைத்தனர். இறுதியில் நானும் அவ்வாறே அழைக்கலானேன்.

முதல் பாடத்தை நீலாவதி மிகுந்த ஆர்வத்துடன் பதிவு செய்தார். காட்டில் வழிதவறிய ஓர் ஆட்டுக்குட்டியின் கதை அது. புலியின் உறுமலையும் குட்டியின் அழுகையையும் அவரே கொடுத்திருந்தார். பாட்டு அவருக்குச் சற்றும் வராது. உறுமல் நன்றாக வந்தது. மூன்று வகுப்புப் பிள்ளைகளும் டேப்பைச் சுற்றிக் கூடிவிட்டனர். என் அறைப் பிள்ளைகளும் பலகை இடுக்கில் கண்ணை வைத்துக் கேட்டனர். பெரும் வெற்றி என்றே நான் எண்ணினேன். மறுநாள் அவர் பிள்ளைகளிடம் கதையைக் கேட்டார். அனைவரும் உறுமினர். ஆட்டுக்குட்டி ஏன் வழிதவறியது என்பதை ஒருவராலும் சொல்ல முடியவில்லை.

அன்று மாலையே அவர் அதை அழித்தார். எனக்கு மனம் கேட்கவில்லை. “நல்லாத்தானேம்மா இருந்துச்சு?” என்றேன்.

“வேடிக்கை நல்லா இருந்துச்சு ஐயா. கதை சொல்ல நான் இருக்கேனே. நான் இன்னொரு பிள்ளை கையப் பிடிச்சிக்கிட்டு இருக்கப்ப யாரு கேள்வி கேக்கிறது? அதை மட்டும் இது செஞ்சா போதும்.”

ஆகவே இரண்டாவது நாடாவில் கேள்விகள் மட்டுமே இருந்தன. மூன்றாம் வகுப்புக்கு மூலையில் ஒரு பாய் விரிக்கப்பட்டது. ஒலியை மிகக் குறைவாக வைப்பார். தலைகளை ஒன்றாகச் சேர்த்துக் கவனித்தால்தான் கேட்கும். கேள்வி வரும், சிறிது இடைவெளி வரும், பிள்ளைகள் விடை சொல்வர், பின் சரியான விடை வரும். ஏற்பாடு செம்மையானதுதான். ஆனால் மூன்றாம் நாள் சின்னையா கங்காணியின் கடைக்குட்டி மகள் செல்லம், பாயில் அமர்ந்தபடியே அழத் தொடங்கினாள்.

“ஏம்மா அழறே?”

“டேப்பு நிக்கவே மாட்டேங்குது டீச்சர். நான் எண்ணி முடிக்கிறதுக்குள்ள அதுவே சொல்லிட்டுப் போயிடுது.”

செல்லம் மந்தமானவள் அல்லள். நிதானமாக எண்ணுபவள், எண்ணி முடித்தால் பெரும்பாலும் சரியாகவே சொல்பவள். வேறோர் ஆசிரியராயின் மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக் கற்றுக்கொள் என்று கூறியிருப்பார். நீலாவதி அந்த நாடாவையும் அழித்தார்.

அதன்பின் அவர் மேற்கொண்ட முறையை நான் வேறெங்கும் கண்டதில்லை. பள்ளி முடிந்தபின் செல்லத்தைத் தம் எதிரே உட்காரவைப்பார். பதிவுப் பொத்தானை அழுத்திக் கேள்வியைச் சொல்வார். செல்லம் வாய் திறக்கக் கூடாது. மனத்துக்குள் எண்ண வேண்டும். விடை கிடைத்ததும் விரலை உயர்த்த வேண்டும். அந்த விரல் உயரும் வரை நாடா வெறுமையாக ஓடிக்கொண்டிருக்கும். விரல் உயர்ந்த பிறகே ஆசிரியை விடையைச் சொல்லி அடுத்த கேள்விக்குச் செல்வார். இவ்வாறு நாடாவிலிருந்த ஒவ்வோர் இடைவெளியும் செல்லம் சிந்தித்த நேரமாக அமைந்தது. கடினமான கேள்விக்கு நீண்ட இடைவெளி, எளிய கேள்விக்குச் சிறியது. எந்தக் கடிகாரத்தாலும் அதை அளந்திருக்க முடியாது.

தோட்டத்தில் முழு அமைதி என்பது கிடையாது. ஆகையால் சில பாடங்களில் கொழுந்து லோரியின் ஊதலும், ஒரு பாடத்தில் ஆசிரியையின் இருமலும், பெருக்கல் பாடத்தின் நடுவே ஒரு சேவலின் கூவலும் பதிவாகியிருந்தன. ஒவ்வொரு பாடமும் முடிந்த பிறகு, அடியிலிருந்த பழைய படப்பாட்டின் கடைசி இழுப்பு சற்றே தலைகாட்டிவிட்டுப் போகும். இவற்றை அவர் அழிக்கவில்லை. பாடத்துக்கு அவற்றால் கெடுதல் இல்லை என்றார்.

மின்கலங்களின் கதை தனி. பகலில் பள்ளிக்கு மின்சாரம் இல்லாததால் டேப்பு மின்கலத்தில்தான் ஓடியது. குளிர்ந்த காலைகளில் அவை சோர்ந்துபோய், ஆசிரியையின் குரல் கிழவர் குரலாக இழுபடும். பிள்ளைகள் அவற்றைக் கழற்றிச் சன்னல் விளிம்பில் வெயில்படும்படி வரிசையாக அடுக்குவர். வெயில் வராத நாளில் முறைவைத்துச் சட்டைக்குள் வைத்துச் சூடேற்றுவர். நான் அதைக் கண்டிக்க நினைத்தேன். மின்கலம் வைத்திருக்கும் பிள்ளை அசையாமல் உட்கார்ந்து பாடம் கேட்பதைக் கண்டு விட்டுவிட்டேன்.

இனி, 1978ஆம் ஆண்டு வந்த சோதனையைக் கூற வேண்டும்.

சின்னையா கங்காணி நேர்மையானவர். குரல் வளம் மிக்கவர். விடியலில் தொழிலாளரை வரிசையில் நிறுத்தி வேலை பிரிக்கும் பெரட்டில் அவர் கூப்பிட்டால், அடுத்த டிவிஷனில் இருப்பவரும் ஒருமுறை திரும்பிப் பார்ப்பார். ஒரு நாள் அவர் பள்ளியின் பக்கமாக வந்தபோது, நீலாவதி வெளியே குழாயடியில் ஒரு சிறு பிள்ளையின் முழங்கால் காயத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். அதே நேரத்தில் வகுப்பறைக்குள்ளிருந்து நீலாவதியின் குரல் கேட்டது.

கங்காணி நேரே என்னிடம் வந்தார். “பெரிய வாத்தியாரே, டீச்சரம்மா வெளிய நிக்குது. டீச்சரம்மா குரல் உள்ள கேக்குது. இது என்னா கூத்து?”

நான் விளக்கினேன். அவர் அமைதியடையவில்லை. “அப்ப சம்பளம் பெட்டிக்கா, டீச்சருக்கா? அதை விடுங்க. என் மகளுக்கு என்னமோ ஆயிப்போச்சு. வீட்டுல சோறு திங்கறப்ப, ‘ஆறு கூடையில ஏழு ஏழு கிலோ, மொத்தம் எவ்வளவு?’ன்னு திடீர்னு கேக்கறா. கேட்டுட்டு வாய மூடிக்கிட்டு என் மூஞ்சியவே பாக்கறா. கையில எடுத்த சோறு கையிலேயே இருக்கு. ‘ஏண்டி முழிக்கிறே?’ன்னா பதில் கிடையாது. ஸ்கூல் விட்டப்புறம் பெட்டி முன்னால வாயப் பொத்தி உக்கார வைக்கிறாங்களாமே? பிள்ளைக்குப் புத்தி பெரண்டு போனா யாரு ஜவாப்பு?”

அவர் சினத்தில் ஒரு தந்தையின் அச்சம் கலந்திருந்தது. நீலாவதியை அழைத்துப் பேசச் சொன்னேன். பேசுவதில் அவருக்குப் பொறுமை குறைவு. இந்தக் குறையை மறைத்து எழுதுவது முறையாகாது. “கங்காணியாரே, உங்க பெரட்டை நீங்க பாருங்க, என் வகுப்பை நான் பாத்துக்கிறேன்” என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார். கங்காணி, தோட்ட அலுவலக எழுத்தரான கிராணியிடம் சென்றார். கிராணி கல்வி அலுவலகத்துக்குச் சொல்லியனுப்பினார். ஆசிரியை பாடம் நடத்துவதில்லை, பெட்டியே நடத்துகிறது என்பது புகார். உண்மையென்று கண்டால் அவரை மலைக்குக் கீழே மாற்றுவதாகச் செய்தி வந்தது.

அவர் போய்விட்டால் இன்னோர் ஆசிரியர் எப்பொழுது வருவார் என்று எவராலும் சொல்ல இயலாது. முன்பு அந்த இடம் வெறுமையாக இருந்தபோது, ஆறு வகுப்புகளையும் நான் ஒருவனே பார்த்ததுண்டு. அந்த ஆண்டு முதல் வகுப்புப் பிள்ளைகள் பலர் தம் பெயரை எழுதத் தெரியாமலே அடுத்த வகுப்புக்குச் சென்றனர்.

“அதிகாரி வரட்டும் ஐயா. பெட்டியை ஓட்டிக் காட்டறேன். பிள்ளைங்க பதில் சொல்றதைப் பாத்தா அவருக்கே விளங்கிடும்” என்றார் நீலாவதி. எனக்கும் அந்த நம்பிக்கை இருந்தது. அதிகாரி வரும் நாள் மட்டும் எங்களுக்குத் தெரிவிக்கப்படவில்லை.

அக்டோபரில் சரசுவதி பூசை வந்தது. தோட்டத்தில் அன்று எந்தக் கருவியும் விடுபடாது. கொழுந்து நிறுக்கும் தராசு, செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக் கத்தி, ஆலையின் உருட்டும் இயந்திரம், லோரி அனைத்துக்கும் சந்தனமும் குங்குமமும் உண்டு. பூசையில் வைத்த பொருளை மறுநாள் விசயதசமிக் காலை வரை தொடக் கூடாது. பள்ளியில் பிள்ளைகள் தம் புத்தகம், பலகை, எழுதுகோல் யாவற்றையும் நீலாவதியின் மேசையில் அடுக்கினர். கோவில் தலைவர் என்ற முறையில் சின்னையா கங்காணியும், பூசாரி முருகையாவும் காலையிலேயே வந்துவிட்டனர். புகாரால் கங்காணியும் ஆசிரியையும் ஒருவரையொருவர் பாராமலே வேலை செய்தனர்.

முருகையா கற்பூரம் ஏற்றப் போகும் வேளையில், கங்காணியின் பார்வை அலமாரித் தட்டில் இருந்த டேப்பின் மேல் விழுந்தது.

“நில்லுங்க பூசாரி! அது மட்டும் ஏன் அங்க தனியா இருக்கு?”

நீலாவதி, “அது இருக்கட்டும் கங்காணியாரே” என்றார்.

“இருக்கட்டுமா? நல்லாருக்கே! தராசுக்கு வைக்கிறோம், லோரிக்கு வைக்கிறோம். பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்ற சாமான், அதை விட்டா சாமிக்குத்தமா போயிடாதா?” என்று கூறியவாறு அவரே அதைத் தூக்கி வந்து புத்தகங்களின் உச்சியில் வைத்தார். முருகையா குறை வைப்பவர் அல்லர். ஒவ்வொரு பொத்தானுக்கும் தனித்தனியாகச் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்தார்.

பூசை முடிந்து பிள்ளைகள் பொரியும் கடலையும் தின்றுகொண்டிருக்கையில், சேறு படிந்த ஜீப் ஒன்று வாசலில் வந்து நின்றது. கல்வி அதிகாரி பழனியப்பன் இறங்கினார். சந்தனம் கொடுத்தோம், நெற்றியில் இட்டுக்கொண்டார். பின்னர் காலம் கடத்தாமல், “எங்க அந்தப் பெட்டி? ஓட்டிக் காட்டுங்க, பாப்போம்” என்றார்.

அனைவரும் மேசையைப் பார்த்தோம். டேப்பு, மணக்கோலத்தில் இருக்கும் மாப்பிள்ளைபோல் மாலையுடன் வீற்றிருந்தது.

“இன்னிக்குத் தொடக் கூடாது சார். நாளைக்குக் காலையிலதான்” என்றார் கங்காணி.

“நாளைக்கு எனக்குக் கீழ கூட்டம் இருக்கு. இனிமே இந்த மலைக்கு எப்ப வருவேனோ. இன்னிக்குப் பாக்கறதை வெச்சுத்தான் நான் எழுதணும்” என்று கூறிப் பழனியப்பன் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

கங்காணி தயங்கித் தயங்கி, “சார்... பேனாவும் அந்தக் கணக்குத்தான்...” என்றார்.

அதிகாரி பேனாவைப் பார்த்தார். சரசுவதி படத்தைப் பார்த்தார். பேனாவைக் கொண்டுபோய்ப் பிள்ளைகளின் எழுதுகோல்களுடன் வைத்தார். முருகையா உடனே அதற்கும் ஒரு பொட்டு வைத்தார்.

நான் நீலாவதியின் அருகில் சென்று, “எடுத்துடலாம்மா. ஆபத்துக்குத்தானே? சாமி கோவிச்சுக்காது” என்று தாழ்ந்த குரலில் சொன்னேன்.

அவர் மேசையை நோக்கி ஓர் அடி வைத்தார். பொரி தின்பதை நிறுத்திவிட்டுப் பிள்ளைகள் அனைவரும் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தனர். அவர் நின்றுவிட்டார்.

“வேணாம் ஐயா. தொடக் கூடாதுன்னு காலையில நான்தானே இதுங்களுக்குச் சொன்னேன்” என்றார். பின்னர் அதிகாரியிடம் திரும்பி, “டேப்பு இல்லாம எப்படியோ அப்படிப் பாத்துக்குங்க சார்” என்று கூறிப் பிள்ளைகளை இடத்தில் அமரச் சொன்னார். முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பலகையும் இல்லை. ஆகவே ஒரு கிண்ணத்தில் நீர் எடுத்து, ஒரு பிள்ளையின் விரலைப் பிடித்து நனைத்துத் தரையில் ‘அ’ எழுதிக் காட்டத் தொடங்கினார். மூன்றாம் வகுப்பினர் வழக்கம்போல் மூலைப் பாயில் சென்று உட்கார்ந்தனர். நடுவில் டேப்பு வைக்கும் இடம் வெறுமையாக இருந்தது.

பழனியப்பன் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். புகார் மெய்ப்பட்டுவிட்டது என்றே நான் நினைத்தேன். பெட்டி இல்லையென்றால் பாடமும் இல்லை.

அப்பொழுது செல்லம் எழுந்து, “டீச்சர், நான் டேப்பா இருக்கட்டுமா?” என்று கேட்டாள்.

நீலாவதி நிமிர்ந்து பார்த்தார். அவருக்கும் இது புதிது. தலையை மட்டும் அசைத்தார்.

செல்லம் டேப்பு இருக்கும் இடத்தில் சென்று, நிமிர்ந்து, கைகளை மடியில் வைத்து உட்கார்ந்தாள். தன் முழங்காலை ஒரு விரலால் அழுத்தி “டக்” என்றாள். அதன்பின் நீலாவதியின் குரலிலேயே, அதே திருத்தமான தமிழில் பேசலானாள்.

“வணக்கம், மாணவர்களே. இன்று பெருக்கல் கணக்கு. ஒரு கூடையில் நான்கு கிலோ கொழுந்து. மூன்று கூடைகளில் எத்தனை கிலோ?”

அத்துடன் நிறுத்திவிட்டாள். அதிகாரி காத்திருந்தார். “ஏம்மா நிறுத்திட்டே? மறந்துபோச்சா?” என்று கேட்டார். செல்லம் அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. டேப்பு எவருக்கும் பதில் சொல்லாதல்லவா? பாயில் இருந்தவர்கள் விரல்களை மடக்கினர். ஒருத்தி உடனே முடித்துவிட்டு வாயை இறுக மூடிக்கொண்டாள். பொரி ஒட்டிய விரல்களால் ஒருவன் இரண்டு முறை எண்ணினான். அவன் தலை நிமிர்ந்ததும் எல்லாரும் ஒன்றாக, “பன்னிரண்டு!” என்றனர்.

“விடை, பன்னிரண்டு கிலோ. தவறாகச் சொன்னவர்கள் நான்கை மூன்று முறை கூட்டிப் பாருங்கள்.” மறுபடியும் இடைவெளி. அடுத்த கேள்வி. அதற்கு இன்னும் நீண்ட இடைவெளி. அதன் நடுவில் எவரும் எதிர்பாராத வகையில் செல்லம் கழுத்தை நீட்டி, “கொக்கரக்கோ!” என்று கூவினாள்.

பழனியப்பன் திடுக்கிட்டார். பிள்ளைகள் திரும்பவே இல்லை; அந்த இடத்தில் சேவல் கூவும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

“அது நம்ம வீட்டுச் சேவல் சார்!” என்றார் கங்காணி, தம்மையறியாமல்.

பாடம் தொடர்ந்தது. இருமல் வரவேண்டிய இடத்தில் இருமல் வந்தது. இறுதியில் ஆறு கூடைகளில் ஏழேழு கிலோ என்ற கேள்வியும் வந்தது. பிள்ளைகள் நீண்ட நேரம் எண்ணி நாற்பத்திரண்டு என்றனர். “பாடம் முடிந்தது. நன்றி, மாணவர்களே” என்ற பிறகும் செல்லம் நிறுத்தவில்லை. பழைய படப்பாட்டின் கடைசி இழுப்பை மூக்கால் பாடி முடித்த பின்னரே முழங்காலை அழுத்தி, “டக்” என்றாள்.

முதலில் சிரித்தவர் பழனியப்பன்தான். முருகையாவும் நானும் சேர்ந்துகொண்டோம்.

சிரிப்பு அடங்கியதும் அதிகாரி நீலாவதியிடம் சென்றார். முதல் வகுப்புப் பிள்ளையின் விரல் இன்னும் அவர் கையில்தான் இருந்தது. தரையில் வரிசையாக ஈரமான எழுத்துகள் காய்ந்துகொண்டிருந்தன. “நீங்க அந்தப் பக்கம் திரும்பவே இல்லையே, டீச்சர்?”

“திரும்ப வேண்டியதில்ல சார். கேள்விக்கு நடுவுல அவ விட்ட நேரம், அவளே யோசிச்ச நேரம். எங்க வகுப்புல நிதானமா யோசிக்கிறது செல்லம். அவளை எதிர்ல உக்கார வெச்சு, அவ விரல் தூக்கினப்புறம்தான் அடுத்த கேள்வியப் பதிவு பண்ணினேன். அவளுக்குப் போதும்னா எல்லாருக்கும் போதும். அதனால இந்தப் பிள்ளை கைய விடாம நான் உக்காந்திருக்க முடியுது.”

கங்காணி மகளை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப... வீட்டுல சோத்தை வெச்சிக்கிட்டு எங்கிட்ட கேட்டுட்டு, முழிச்சிக்கிட்டு இருந்தியே...”

“பதில் சொல்லத்தான்பா நேரம் விட்டேன். நீங்க சொல்லவே இல்ல. ஏசிட்டுப் போயிட்டீங்க.”

“எனக்கு நேரம் விடுறேன்னு சொல்லித் தொலைய வேண்டியதுதானேடி!”

“டேப்பு அதெல்லாம் சொல்லாதுப்பா.”

பழனியப்பன் கங்காணியின் தோளில் கை வைத்தார். “கங்காணியாரே, இந்தப் பெட்டிய யாரு பூசையில வெச்சது?”

“நான்தான் சார்.”

“எதுக்கு வெச்சீங்க?”

“பாடம் சொல்ற சாமா...” என்று தொடங்கிய கங்காணி, பாதியில் நிறுத்தினார். அன்று அவர் விட்ட அந்த இடைவெளி, நாடாவிலிருந்த எந்த இடைவெளியைவிடவும் நீண்டது. இறுதியில் அவர், “எழுதிக்குங்க சார், தப்பா சொல்லிட்டேன்னு” என்றார்.

“எழுதுறதுக்குப் பேனா எங்க இருக்கு?” என்று கேட்டுவிட்டு அதிகாரி ஜீப்பில் ஏறினார். பேனாவை மறுநாள் கொழுந்து லோரியில் டவுனுக்குக் கொடுத்தனுப்பினோம். மாற்றல் ஆணை வரவில்லை. சில மாதங்கள் கழித்து, இதேபோல் கூட்டு வகுப்புகள் நடத்தும் ஆசிரியர் இருவர் பழனியப்பன் சொல்லி வந்ததாகக் கூறி நீலாவதியின் வகுப்பில் ஒரு நாள் உட்கார்ந்துவிட்டுப் போயினர்.

விசயதசமிக் காலையில் பூசையைப் பிரித்தோம். ஓட்டும் பொத்தான் வேலை செய்தது. பதிவுப் பொத்தான், சந்தனம் உறைந்து அசைய மறுத்தது. பெரட்டு முடிந்ததும் கங்காணி வந்தார். சேவலின் இறகு ஒன்றைக் கையோடு கொண்டுவந்திருந்தார். பொத்தானின் இடுக்குகளிலிருந்து சந்தனத்தைத் துளித்துளியாக அந்த இறகால் அவரே எடுத்தார். அசைந்ததும், “ஒழுங்கா பதியுதான்னு பாக்கணுமே, டீச்சரம்மா” என்றார். அவர் விரும்பியது எதுவென்பது நீலாவதிக்கு விளங்கிவிட்டது.

“கொழுந்து நிறுக்கறதைப் பத்தி நீங்களே ஒரு கணக்குக் கேளுங்க. கேட்டுட்டுப் பேசாம இருக்கணும். செல்லம் விரல் தூக்கினப்புறம்தான் வாயத் திறக்கணும்.”

“கேட்டுட்டு சும்மா நிக்கறதா? பெரட்டுல அப்படி நின்னா ஒருத்தன் வேலைக்குப் போவானா?” என்று கூறினாலும் உட்கார்ந்தார். முதல்முறை கேள்வியையும் விடையையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். இரண்டாம்முறை, “சீக்கிரம் தாயி, சீக்கிரம்!” என்று அதட்டினார். செல்லம் தலையில் அடித்துக்கொண்டாள். நீலாவதி இரண்டையும் அழித்துவிட்டு மூன்றாம்முறை பொத்தானை அழுத்தினார்.

எண்பதுகளில் பகலிலும் மின்சாரம் வந்தது. தொலைக்காட்சிப் பெட்டியும் வந்தது. அதை எல்லாரும் கண் இமைக்காமல் பார்த்தபோது, நீலாவதி ஒலியை அடைத்துவிட்டு, “இப்ப என்ன சொல்லியிருப்பாங்க?” என்று பிள்ளைகளைக் கேட்டுக்கொண்டிருந்தார். எந்தப் புதிய கருவி வந்தாலும் அதில் பிள்ளை பேசுவதற்கு இடம் எங்கே இருக்கிறது என்பதைத்தான் அவர் முதலில் தேடினார். இடமில்லாதவற்றை மழைப்பெட்டிக்குப் பக்கத்தில் ஏற்றிவைத்தார்.

1988ஆம் ஆண்டு அவர் பணிமாறிச் சென்றபோது கேசட்டுப் பெட்டியை என்னிடம் ஒப்படைத்தார். பழைய பாடங்களை அழித்து அழித்து அவற்றின்மேல் புதியவற்றைப் பதிந்திருந்தார். முதலில் செய்த வடிவில் எஞ்சியது ஒன்றே ஒன்று. அதில் சின்னையா கங்காணி, பெரட்டுக் குரலை இயன்ற அளவு தாழ்த்தி, ஒன்பது கூடைக் கொழுந்தைப் பற்றிக் கேட்கிறார். பின் அமைதி. மூச்சை அடக்கிக்கொண்டு இருப்பது தெரிகிறது. தூரத்தில் ஒரு லோரி மேட்டில் ஏறுகிறது. பொறுக்க முடியாமல், ஒலிநாடாவில் விழுந்துவிடக் கூடாதென்று மிக மெதுவாக, “யோசி தாயி, யோசி, நான் இருக்கேன்” என்கிறார்.

நீலாவதி அதை அழிக்கவில்லை.